ஒரு சின்ன ஓவியமும் அறுபது வருஷ சந்தேகமும்

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் ஃப்ரெண்ட் ஒருத்தி வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினாள். கூடவே ஒரே ஒரு வரி: “இது எப்படி இருக்கு?” பழைய காலத்து ஐரோப்பிய ஓவியம். ஒரு இளம்பெண், கீபோர்டு மாதிரி ஒரு கருவி முன்னாடி உட்கார்ந்து, நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். வெள்ளை சாட்டின் பாவாடை, தோளில் மஞ்சள் சால்வை, தலையில் ரிப்பன். பின்னாடி ஒரு வெறும் சுவர். அவ்வளவுதான்.

நான் சாப்பிட்டுக்கிட்டே ஒரு கையால டைப் பண்ணி அனுப்பின பதில்: “சுமார். அந்தச் சால்வை ஏன் போர்வை மாதிரி இருக்கு?”

அவள் சிரிக்கிற எமோஜி போட்டுட்டு எழுதினாள்: “வெர்மீர். 2004-ல் 1 கோடியே 62 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது.”

இங்கதான் என் வாக்குமூலம். சாப்பாட்டுத் தட்டை ஓரமா வெச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, அதே படத்தை மறுபடியும் திறந்தேன். ரெண்டு விரலால பெரிசாக்கிப் பார்த்தேன். உடனே எனக்கு எல்லாம் தெரிய ஆரம்பிச்சது! ‘ஆஹா, அந்தச் சுவர் மேல விழுற வெளிச்சத்தைப் பாரு. அந்தப் பாவாடை மடிப்பைப் பாரு.’ ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி ‘சுமார்’னு சொன்ன அதே கண். படத்துல ஒரு புள்ளி கூட மாறல. மாறினது ஒரு பேரும் ஒரு விலையும்தான்.

அது என்னைக் கொஞ்சம் உறுத்திச்சு. நான் பார்த்தது ஓவியத்தையா, விலைச்சீட்டையா? அந்த உறுத்தல்லதான் இந்தப் படத்தோட கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா, இந்தக் கேள்வியில நான் தனி ஆள் இல்லைன்னு தெரிஞ்சது. உலகத்தின் பெரிய ஓவிய நிபுணர்களெல்லாம் இதே படத்துக்கு முன்னாடி அறுபது வருஷம் தடுமாறியிருக்காங்க.

வாங்க, கதைக்குள்ள போகலாம்.

வீட்டுக்குள்ளே ஒரு உலகம்

முதல்ல, இந்த மாதிரிப் படங்கள் ஏன் வந்தன?

17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து. புராட்டஸ்டன்ட் மதம் வேரூன்றிய நாடு. அவர்களுடைய தேவாலயங்களில் ஓவியங்களுக்கு இடமில்லை. மற்ற நாடுகளில் ஓவியர்களுக்குச் சோறு போட்ட பெரிய வாடிக்கையாளர் இங்கே இல்லை. ஆனால் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தார்: நகரத்து வியாபாரி. கப்பல், துணி, மசாலா, பீர் என்று சம்பாதித்தவர். அவருக்குச் சொந்த வீடு இருந்தது. வீட்டில் சுவர் இருந்தது. அந்தச் சுவரில் மாட்ட ஏதாவது வேண்டியிருந்தது.

அவருக்கு ஆறு அடி உயரப் புனிதர்கள் வேண்டாம். அவர் வாழ்க்கை மாதிரியே ஒன்று வேண்டும். அப்படி வந்தவைதான் வீட்டு உட்புறக் காட்சிகள். கடிதம் படிக்கும் பெண், பால் ஊற்றும் பணிப்பெண், பிள்ளைக்குத் தலை சீவிவிடும் அம்மா, சீட்டு விளையாடும் ஆண்கள், கதவு வழியாகத் தெரியும் முற்றம். பீட்டர் தெ ஹோக், ஜெரார்ட் டெர் போர்க், காப்ரியல் மெட்சு, இவர்களோடு டெல்ஃப்ட் ஊரைச் சேர்ந்த யோஹான்னஸ் வெர்மீர். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் படங்கள் ஆரம்பத்திலிருந்தே விற்பனைச் சரக்குதான். ஏலத்திலும் வியாபாரிகளிடமும் கைமாறின. ‘பணம் கலையைக் கெடுத்துடுச்சு’ன்னு நாம ஈஸியா சொல்லிடுவோம். இங்கே சந்தையில்தான் அந்தக் கலையே பிறந்தது.

ரொட்டிக்கு ஈடாக ஓவியம்

வெர்மீர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம் ஒரு அரசரோ பிரபுவோ இல்லை. ஒரு ரொட்டிக்காரர். பேக்கரி நடத்தினவர்.

1663-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பல்தசார் தெ மொன்கோனி என்ற பிரெஞ்சுக்காரர் டெல்ஃப்ட் வருகிறார். வெர்மீரைப் போய்ப் பார்க்கிறார். படம் காட்டுங்கள் என்கிறார். வெர்மீர் கையில் காட்ட ஒரு படம்கூட இல்லை. ஊரிலுள்ள ஒரு ரொட்டிக்காரர் வீட்டில்தான் ஒன்றைப் பார்க்க முடிகிறது. அதில் ஒரே ஒரு உருவம். 600 லிவர் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம் என்று மொன்கோனி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

பாருங்க, ‘சுமார்’னு சொன்ன முதல் ஆள் நான் இல்லை!

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1675 டிசம்பரில், வெர்மீர் இறந்துபோனார். வயது 43. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1672-ல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்திருந்தது. ஓவியச் சந்தை படுத்துவிட்டது. வெர்மீர் தன் படங்களோடு மற்றவர்கள் படங்களையும் வாங்கி விற்கிற வியாபாரமும் பண்ணினவர். இரண்டும் நின்றுபோனது. வீட்டில் 11 பிள்ளைகள், அதில் 10 பேர் சின்ன வயசு. அவர் மனைவி காத்தரீனா பிறகு அதிகாரிகளுக்குக் கொடுத்த மனுவில், போரினால் எதுவும் விற்காமல், பிள்ளைகளின் பாரம் தாங்காமல் அவர் நிலைகுலைந்துபோனார், ஒன்றரை நாளில் நல்லா இருந்த மனுஷன் செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறார்.

அவர் இறந்து சில வாரங்களில், 1676 ஜனவரியில், காத்தரீனா ஒரு நோட்டரி முன்னால் போய் நிற்கிறார். எதிரில் ஹென்ட்ரிக் வான் பாய்டன் என்ற ரொட்டிக்காரர். பாக்கி 617 கில்டர், சில்லறை. அத்தனையும் ரொட்டிக் கணக்கு. அந்தக் குடும்பம் இரண்டு மூன்று வருஷம் கடனுக்குச் சாப்பிட்ட ரொட்டி அது என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

காத்தரீனா இரண்டு ஓவியங்களை அவரிடம் ஒப்படைத்தார். ஒன்றில் இரண்டு பேர், அதில் ஒருவர் கடிதம் எழுதுகிறார். இன்னொன்றில் ஒருவர் இசைக்கருவி வாசிக்கிறார். வருஷம் 50 கில்டர் வீதம் கட்டி முடித்தால் படங்களைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம்.

இதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன். நகையை அடகு வெச்சுட்டு ‘மீட்டுடலாம்’னு சொல்லிக்கிட்டு வெளியே வர்ற முகம் நம்ம எல்லாருக்கும் தெரியும். காத்தரீனா கணவரோட படங்களை வெச்சுட்டு வந்தாங்க. மீட்கிற வழியையும் ஒப்பந்தத்துல எழுதி வாங்கிட்டுத்தான் வந்தாங்க.

1696, ஆம்ஸ்டர்டாம்

இருபது வருஷம் கழித்து, 1696 மே 16. ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஏலம். ஒரே நாளில் 21 வெர்மீர்கள் விலைக்கு வந்தன. இன்றைக்கு அவர் வரைந்தவை என்று ஏற்கப்படுவதே மொத்தம் 37-ஐச் சுற்றித்தான். அதில் பாதிக்கு மேல் அன்று ஒரே கூரையின்கீழ் இருந்தன.

அதிக விலை போனது டெல்ஃப்ட் நகரக் காட்சி, 200 கில்டர். பால் ஊற்றும் பணிப்பெண் 175. லேஸ் பின்னும் பெண், இப்போது பாரிஸ் லூவ்ரில் இருப்பது, வெறும் 28 கில்டர்.

அந்தப் பட்டியலில் 37-ஆவது சரக்கு: ‘கிளாவசின் வாசிக்கும் ஒரு சீமாட்டி.’ 42 கில்டர், 10 ஸ்டைவர். கிளாவசின் என்றால் தந்திகளை மீட்டி ஒலி எழுப்பும் விசைப்பலகைக் கருவி. வர்ஜினல் என்பதும் அதே குடும்பம். இப்படி ஒரு கருவி முன்னால் ஒரு பெண் தனியாக இருக்கும் வெர்மீர் படங்கள் இன்று மூன்று உள்ளன. இரண்டு லண்டன் நேஷனல் கேலரியில். மூன்றாவது, என் ஃப்ரெண்ட் எனக்கு அனுப்பின படம். 37-ஆவது சரக்கு இந்த மூன்றில் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

அதற்கப்புறம் வெர்மீர் பெயர் மெல்ல மங்கியது. எந்த அளவுக்கு என்றால், இன்று வியன்னாவில் இருக்கும் ‘ஓவியக் கலை’ என்ற அவருடைய தலைசிறந்த படம் 1813-ல் 50 ஃபுளோரினுக்கு விற்கப்பட்டது, அதுவும் பீட்டர் தெ ஹோக் வரைந்ததாக. தெ ஹோக் கையெழுத்தைக்கூட அதில் யாரோ போலியாகச் சேர்த்திருந்தார்கள். யோசிச்சுப் பாருங்க. வெர்மீர் படத்தை நல்ல விலைக்கு விற்க, வெர்மீர் பேரை மறைக்க வேண்டியிருந்தது. இப்போ எல்லாருக்கும் தெரிந்த முத்துத் தோடு அணிந்த பெண், 1881-ல் ஹேக் நகர ஏலத்தில் போன விலை 2 கில்டர், அதோடு 30 சென்ட் கட்டணம்.

இதற்குள் ஒரு பிரெஞ்சு விமர்சகர் வந்துவிட்டிருந்தார். தியோஃபில் தோரே. தோரே-பியூர்கர் என்ற பெயரில் எழுதியவர். 1866-ல் வெர்மீர் பற்றி விரிவான கட்டுரைகள் எழுதினார். ஆர்வம் மிகுதி, 70-க்கும் மேற்பட்ட படங்களை வெர்மீர் கணக்கில் சேர்த்தார். அதில் பாதி பின்னாளில் மற்றவர்களுடையது என்று தெரியவந்தது. ஆனாலும் பெயர் மீண்டது. விலை ஏறியது. விலை ஏறினால் அடுத்து யார் வருவார்? சரியாச் சொன்னீங்க. போலி.

எல்லாரையும் ஏமாற்றின ஒருவர்

ஹான் வான் மேகரன். 1889-ல் பிறந்த டச்சு ஓவியர். தன்னை விமர்சகர்கள் மதிக்கவில்லை என்ற கோபம் அவருக்கு. 1930-களில் பழைய கான்வாஸ்களை வாங்கி, பேக்லைட் செய்யப் பயன்படும் வேதிப்பொருளை நிறத்தில் கலந்து, அடுப்பில் வைத்துச் சுட்டு, 300 வருஷப் பழசு போல் படங்களை உண்டாக்கினார். 1937-ல் வெளிவந்த ‘எம்மாவூசில் கிறிஸ்து’ படத்தைப் பார்த்து, அப்போதைய மிகப் பெரிய நிபுணரான ஆப்ரஹாம் ப்ரேடியஸ் உருகிப்போய் எழுதினார். வெர்மீரின் உச்சம் என்றே சொன்னார். ராட்டர்டாம் அருங்காட்சியகம் அதை 5 லட்சம் கில்டருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

வீட்டு உட்புறக் காட்சிகளையும் அவர் விடவில்லை. தெ ஹோக் பெயரில் இரண்டு செய்து விற்றார், சீட்டு ஆடுகிறவர்கள் ஒன்று, மது அருந்துகிறவர்கள் ஒன்று.

மாட்டினது எப்படி? அவருடைய ‘வெர்மீர்’ ஒன்று நாஜித் தலைவர் கோரிங் கைக்குப் போயிருந்தது. 1945-ல் போர் முடிந்ததும், நாட்டின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்ற துரோகி என்று அவரைக் கைது செய்தார்கள். தப்பிக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. ‘அது வெர்மீரே இல்லை, நான் வரைந்தது’ என்றார். யாரும் நம்பவில்லை. கடைசியில் காவலில் வைத்து, சாட்சிகள் முன்னால் இன்னொரு ‘வெர்மீரை’ வரைய வைத்தார்கள். வரைந்து காட்டினார். 1947-ல் ஒரு வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்கும் முன்பே இறந்துபோனார்.

ஜாலியான கதை. படமாவே எடுக்கலாம். ஆனா இந்தக் கதைக்கு ஒரு பின்விளைவு உண்டு, அதை யாரும் அதிகம் பேசறதில்லை.

சூடு கண்ட பூனையா ஆகிட்டாங்க நிபுணர்கள். நேற்று வரை எதைப் பார்த்தாலும் வெர்மீர் என்றவர்கள், இப்போது எதைப் பார்த்தாலும் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் அடிபட்டது, நம் மஞ்சள் சால்வைப் பெண்.

சந்தேகத்தின் நிழலில்

அந்தப் படம் 1904 வாக்கில் ஆல்ஃபிரட் பெய்ட் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்கச் செல்வந்தரின் சேகரிப்புப் பட்டியலில் வெர்மீர் என்றே பதிவானது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதிகம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். வான் மேகரன் விவகாரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. வெர்மீர் நூல்களில் அது சந்தேகப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டது, இல்லை அடியோடு விடப்பட்டது.

படம் எந்தத் தப்பும் பண்ணலை. யாரோ ஒருத்தன் பொய் சொன்னதுக்கு, இன்னொருத்தர் மேல நம்பிக்கை போயிடுச்சு. வாழ்க்கையில இதைப் பார்த்திருக்கோம் இல்லையா?

1960-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பாரன் ரோலன் என்பவர் அந்தப் படத்தை வாங்கினார். காசு கொடுத்து அல்ல. தன்னிடமிருந்த க்ளே, சிக்னாக், பொன்னார் முதலான நவீன ஓவியர்களின் படங்களைக் கொடுத்து, பதிலுக்கு இதை எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் இதை வெர்மீர் என்று சொல்ல ஆள் குறைவு. ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனார்.

என் கதையில் நான் எங்கே நிற்கிறேன், அவர் எங்கே நிற்கிறார் பாருங்க. பேரைக் கேட்டதும் கண் திறந்த ஆள் நான். பேர் போன பிறகும் அதைத் தேடிப் போய் வாங்கின ஆள் அவர்.

1993-ல் அவர் சோத்பீஸ் ஏல நிறுவனத்தை அணுகி, இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பாருங்கள் என்றார். ஆராய்ச்சி பத்து வருஷத்துக்கும் மேல் நீண்டது.

ஒரு மஞ்சள், ஒரு நீலம், ஒரு துணி

இப்போ துப்பறியும் பகுதி. எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

முதல் கேள்வி: இது வான் மேகரன் வேலையா? இதற்கு ஆய்வகமே தேவையில்லை. படம் 1904 வாக்கிலேயே பட்டியலில் இருக்கிறது. அப்போது வான் மேகரனுக்கு 15 வயசு.

இரண்டாவது கேள்வி: அப்படியென்றால் அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், வேறு யாராவது செய்த போலியா? இங்கே மஞ்சள் நிறம் சாட்சி சொன்னது. படத்தில் இருந்தது ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் செய்யும் ஒரு பழைய மஞ்சள். 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தாராளமாகப் பயன்படுத்தியது. 18-ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து, அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது. 1940-களில்தான் விஞ்ஞானிகள் அதை மறுபடி கண்டுபிடித்தார்கள். 1904-க்கு முன் ஒரு போலி ஓவியர் இதைப் பயன்படுத்த வாய்ப்பே இல்லை. அப்படி ஒன்று இருந்தது அவருக்கே தெரியாதே!

ஆக, படம் பழசு. ஆனால் பழசு என்பதாலேயே வெர்மீர் ஆகிவிடுமா? ஆகாது. அந்தக் காலத்தில் வேறு யாராவது வரைந்திருக்கலாம். இது மூன்றாவது கேள்வி.

இதற்கு நீலம் வந்தது. ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்துச் செய்யும் அல்ட்ராமரீன். அந்தக் காலத்தில் மிக விலை உயர்ந்த நீலம். மற்ற ஓவியர்கள் இதை எண்ணி எண்ணிப் பயன்படுத்துவார்கள், நீலமாகத் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும். வெர்மீர் கைதாராளம். நீலமே தெரியாத இடத்தில், நிழலில், வெள்ளைச் சுவரின் சாம்பல் சாயலில்கூட இதைக் கலந்துவிடுவார். ரொட்டிக்காரரிடம் கடன் இருந்த மனுஷன்! நம் படத்தின் அந்த வெறும் சுவரிலும் அந்த நீலம் இருந்தது. நான் ‘வெறும் சுவர்’னு கடந்து போனேனே, அதே சுவர்.

கடைசியாகத் துணி. கான்வாஸின் பாவு நூலையும் ஊடு நூலையும் எண்ணிப் பார்த்தார்கள். லூவ்ரில் இருக்கும் லேஸ் பின்னும் பெண்ணின் கான்வாஸோடு ஒத்துப்போனது. இரண்டும் ஒரே துணிச் சுருளில் இருந்து வெட்டப்பட்டிருக்கலாம் என்ற அளவுக்குப் பொருத்தம். படத்தின் அளவும் கிட்டத்தட்ட அதே: சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம். உங்க ஆபீஸ் பிரிண்டர்ல வர்ற ஏ4 பேப்பரை விடச் சின்னது.

அப்புறம் அந்தப் பெண்ணின் தலை அலங்காரம். அது 1670-ஐ ஒட்டிய சில வருஷங்களின் ஃபேஷன்.

ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஒரே திசையைக் காட்டியபோது நிபுணர்கள் பலர் மனம் மாறினார்கள்.

2004 ஜூலை 7

இதற்குள் பாரன் ரோலன் காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகள் படத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். லண்டன், சோத்பீஸ், 2004 ஜூலை 7. ஒரு வெர்மீர் ஏல மேடைக்கு வந்து 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எதிர்பார்த்த விலை 30 லட்சம் பவுண்டு. அந்த எண்ணிலேயே ஒரு தயக்கம் தெரிகிறது. சந்தேகமே இல்லாத வெர்மீருக்கு யாரும் அவ்வளவு குறைவாகச் சொல்ல மாட்டார்கள். சுத்தியல் விழுந்து, கட்டணமும் சேர்ந்தபோது வந்த தொகை 1 கோடியே 62 லட்சம். எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். வாங்கியவர் லாஸ் வேகஸ் காசினோ அதிபர் ஸ்டீவ் வின். பின்னர் அது தாமஸ் கப்லனின் லைடன் கலெக்ஷனுக்குப் போனது.

ஏல உலகத்தின் மொழியைப் பற்றி இங்கே ஒண்ணு சொல்லணும். ஏலப் பட்டியலில் ஓவியர் பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்பது அந்த நிறுவனத்தின் கருத்து. ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் ஒரு படி கீழே. அப்புறம் ‘அவருடைய பட்டறை’, ‘அவருடைய வட்டம்’, ‘அவரைப் பின்பற்றியவர்’, ‘அவர் பாணியில்’, கடைசியாக ‘அவர் படத்தைப் பார்த்து வரைந்தது’. ஒவ்வொரு சொல்லுக்கும் விலை இறங்கிக்கொண்டே போகும். அதே கான்வாஸ், அதே பெண், அதே வெளிச்சம். ஒரு சொல்தான் வித்தியாசம்.

அந்தச் சால்வை

சரி, விஷயம் முடிஞ்சதா? இல்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம் தந்த இடம் இதுதான்.

அந்த மஞ்சள் சால்வை. நான் போர்வை மாதிரி இருக்குன்னு சொன்னேன் இல்லையா? நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் டச்சு ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் லீட்கே, வெர்மீர் பற்றிய தன் 2008 நூலில் இந்தப் படத்தை வெர்மீர் என ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தச் சால்வை வேறு யாரோ பின்னால் வரைந்து முடித்ததாக இருக்கலாம் என்ற கருத்து அவருக்கு இருந்தது. வேறு சில நிபுணர்கள் படத்தையே கடைசிவரை ஏற்கவில்லை.

அப்போ ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கிட்டே, பேர் தெரியாம, விலை தெரியாம நான் பார்த்தேனே, அந்தப் பார்வை முழுசா தப்பில்லை. சால்வையில் ஏதோ இடிக்குதுன்னு அது சரியாத்தான் பிடிச்சிருக்கு. ஆனா அதே பார்வை சுவரைத் தவற விட்டுடுச்சு. பேர் தெரிஞ்ச அப்புறம் சுவரைப் பார்த்தேன். ஆனா சால்வையை மன்னிச்சிட்டேன்! முதல் தடவை அலட்சியம், ரெண்டாவது தடவை பக்தி. ரெண்டு தடவையும் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கேன்.

2023-ல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ஒரு பெரிய வெர்மீர் கண்காட்சி நடத்தியது. ஒரே இடத்தில் 28 படங்கள். இந்தச் சின்னப் படமும் அதில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே கண்காட்சிக்கு வந்த ‘புல்லாங்குழலுடன் பெண்’ என்ற படத்தை, அதன் சொந்தக்காரரான வாஷிங்டன் நேஷனல் கேலரி சில மாதம் முன்புதான் ‘இது வெர்மீர் இல்லை’ என்று அறிவித்திருந்தது. ஆம்ஸ்டர்டாம் அதை வெர்மீர் என்றே மாட்டியது. கடல் தாண்டினதும் ஒரு படம் மறுபடி வெர்மீர் ஆயிடுச்சு! அதாவது, கடைசித் தீர்ப்பு என்று ஒன்று இதில் கிடையாது. ஆதாரம் வரும், கருத்து மாறும், திரும்ப வேறு ஆதாரம் வரும்.

விலையும் பேரும் வேண்டாம்னு நான் சொல்லல. பேர் இல்லாட்டி அந்த நீலத்தைத் தேடி யாரும் சுவரைச் சுரண்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. பேர் நம்மை நிக்க வைக்குது. ஆனா நின்ன பிறகு பார்க்க வேண்டியது நாமதான்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம் தர்றேன். அடுத்த தடவை எந்த மியூசியம் போனாலும், இன்ஸ்டாகிராம்ல எந்தப் படம் வந்தாலும், முதல்ல பக்கத்துல இருக்கிற பேர்ப்பலகையைப் பார்க்காதீங்க. ஒரு நிமிஷம். ஃபோன்ல டைமர் வேணும்னாலும் வெச்சுக்கோங்க. பிடிச்சது ஒண்ணு, இடிச்சது ஒண்ணு, மனசுக்குள்ள சொல்லிக்கோங்க. அப்புறம் பேரைப் படிங்க. படிச்ச பிறகு திரும்பவும் ஒரு நிமிஷம் பாருங்க. இடிச்சது இன்னும் இடிக்குதா? இடிச்சா, அதை விட்டுக்கொடுக்காதீங்க.

நான் அதைத்தான் இப்போ பண்றேன். என் ஃப்ரெண்டுக்கும் நேத்து ராத்திரி ஒரு மெசேஜ் அனுப்பினேன்: “சுவர் அபாரம். சால்வை இன்னும் போர்வைதான்.”

அவள் இன்னும் பதில் போடல. படத்தை மறுபடி பார்த்துக்கிட்டு இருக்காள்னு நம்பறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.